ஆறு பேர் அலுவலகம்: மாதம் ஒரு காலை தெருவுக்குக் கதவைத் திறந்தால், பசுமைக் கட்டடம் பற்றி எதைக் காட்டுவது?

உறையூர்_வரைபலகை (கேள்வி)

வணக்கம். திருச்சியில் ஆறு பேர் வேலை பார்க்கும் கட்டட வடிவமைப்பு அலுவலகம். பெரும்பாலும் 1,000 முதல் 2,500 சதுர அடி வரையிலான வீடுகள், இடையிடையே பழைய வீட்டுச் சீரமைப்பு. பின்புறம் 20க்கு 30 அடி காலி இடம் இருக்கிறது. மாதம் ஒரு நாள் அதைத் திறந்துவைத்து, அக்கம்பக்கத்தார், கொத்தனார்கள், வீடு கட்ட நினைப்பவர்கள் என யார் வந்தாலும் கட்டுமானம் பற்றிப் பேசவும் கையால் செய்து பார்க்கவும் வழி செய்ய நினைக்கிறோம். மாதச் செலவு 10,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

எந்த நாள், யாருக்காக என்று வைப்பது? செய்முறைக்கு எது பொருத்தம்? சுவரில் எழுதி மாட்டும் அளவுக்குப் பசுமைக் கட்டடம் பற்றி அலுவலகத்துக்கு ஒரு தெளிவான நிலைப்பாடு வேண்டும். அதில் எதற்கு முதலிடம்? சிறிய வீடுகளுக்குச் சான்றிதழ் வாங்கச் சொல்லலாமா? அனுபவமுள்ளவர்கள் அளவுகளோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

---

தளமேடு

முதலில் கிழமை. சனிக்கிழமை வேண்டாம். சனி மாலைதான் வாரச் சம்பளம். கொத்தனாரும் சித்தாளும் அன்றைக்குச் சைட்டை விட்டு வர முடியாது. ஞாயிறு காலை 7 முதல் 10 வரை வையுங்கள், வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். வருகிற கொத்தனாருக்கு அரை நாள் கூலியைக் கையில் கொடுத்துவிடுங்கள். பயிற்சி என்ற பெயரில் ஞாயிற்றுக்கிழமையையும் இலவசமாக வாங்கிக்கொள்வது சரியில்லை. இரண்டு கொத்தனார், இரண்டு சித்தாள் என்று வைத்தாலும் உங்கள் பட்ஜெட்டுக்குள் அடங்கும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யாதவர்கள், புதுப்பிக்காமல் விட்டவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அன்றைக்கே உங்கள் கணக்கர் ஒரு மேசை போட்டு அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தால், அடுத்த மாதம் கூப்பிடாமலே வருவார்கள்.

செய்முறைக்கு எலிப்பொறிக் கட்டு, அதாவது ரேட் டிராப் பாண்ட், நல்ல தொடக்கம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய முறை. கொத்தனாருக்குப் புதுக் கருவி எதுவும் வேண்டாம், கை கொஞ்சம் மாறினால் போதும். செங்கல்லைப் படுக்கப் போடாமல் விளிம்பில் நிறுத்தி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு கல், நடுவில் சுமார் 80 மி.மீ. காலி, அடுத்து இரண்டு பக்கத்தையும் இணைக்கும் குறுக்குக் கல். சுவர் அதே 9 அங்குலம்தான்.

கணக்கை வந்தவர்கள் முன்னாலேயே போட்டுக் காட்டுங்கள். 230 × 110 × 75 மி.மீ. செங்கல், 10 மி.மீ. சாந்து என்றால் வழக்கமான 9 அங்குலச் சுவருக்கு ஒரு சதுர மீட்டருக்கு 98 கல். எலிப்பொறியில் 325 மி.மீ. நீளம், 120 மி.மீ. உயரத்துக்கு 3 கல், ஆகவே சதுர மீட்டருக்கு 77. சாந்தும் ஏறத்தாழ 40 சதவீதம் குறையும். ஆனால் இது வெறும் சுவருக்கான கணக்கு. முதல் வரி, ஜன்னல் அடிமட்டம், லிண்டலுக்குக் கீழ் வரி, கடைசி வரி, மூலைகள், கதவு ஜன்னல் ஓரங்கள் இவையெல்லாம் கெட்டியாகத்தான் கட்ட வேண்டும். ஜன்னல் நிறைய உள்ள சிறிய வீட்டில் மிச்சம் அதற்கேற்பக் குறையும். அதையும் சொல்லிவிடுங்கள்.

கெடுவது எங்கே என்றால், முதலில் கல்லில். 20 கல்லை வரிசையாக ஒட்டி வைத்து டேப் பிடியுங்கள். நீளம் சரியான அளவிலிருந்து 2 சதவீதத்துக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ இந்தக் கட்டுக்கு அந்தக் கல் ஆகாது. நாட்டுச் செங்கல் பெரும்பாலும் தேறாது, சேம்பர் செங்கல் தேறும். இரண்டாவது, சாந்து பொந்துக்குள் விழுவது. ஒவ்வொரு வரிக்கும் 75 மி.மீ. அகலப் பலகை ஒன்றைப் பொந்தின் மேல் வைத்து, சாந்து போட்டபின் எடுக்க வேண்டும். பலகை இல்லாமல் கட்டினால் பொந்து நிறைந்து, சாந்து மிச்சமும் போகும், நடுவில் இருக்க வேண்டிய காற்றும் போகும். மூன்றாவது, எலக்ட்ரீஷியன். வெளி ஓடு 75 மி.மீ. தான். கட்டி முடித்தபின் காடி வெட்டினால் உடையும். பைப் எங்கே ஏறுகிறது, சுவிட்ச் பெட்டி எங்கே, ஏ.சி. பிராக்கெட் எங்கே என்பதைக் கட்டும் முன்னாலேயே குறித்து, அந்த இடங்களைக் கெட்டியாகக் கட்டிவிட வேண்டும்.

1 மீட்டருக்கு 1 மீட்டர் சாம்பிள் சுவர், 1:6 கலவை, அதாவது ஒரு பங்கு சிமென்ட்டுக்கு ஆறு பங்கு மணல். ஒரு காலைக்கு அது போதும்.

---

தெற்குச்சாளரம்

நிலைப்பாடு பற்றிக் கேட்டதற்கு. "பசுமை" என்ற சொல்லைச் சுவரில் எழுதாதீர்கள். அந்தச் சொல்லை இன்று பெயின்ட் டப்பாவில்கூட அச்சடிக்கிறார்கள். எண்ணாகச் சொல்ல முடிந்ததை மட்டும் எழுதுங்கள். திருச்சிக்கு என் வரிசை இது: இருக்கிற கட்டடத்தை இடிக்காமல் காப்பது, வெயிலை வெளியிலேயே நிறுத்துவது, கூரையைச் சூடாகாமல் வைப்பது, காற்றை உள்ளே விடுவது, சிமென்ட்டையும் கம்பியையும் குறைப்பது. சோலார் பேனல் இவ்வளவுக்கும் பிறகுதான்.

வெயிலை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சி 10.8 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. டிசம்பரில் தெற்குச் சுவர் மீது நண்பகல் வெயில் சுமார் 56 பாகை உயரத்தில் விழும். 600 மி.மீ. சன்ஷேடு இருந்தால் அது தன் கீழே 88 செ.மீ. வரை நிழல் தரும். மேற்கில் அதே சன்ஷேடு என்ன செய்கிறது பாருங்கள். மார்ச், செப்டம்பர் மாதங்களில் மாலை நாலேகால் வாக்கில் சூரியன் 30 பாகைக்கும் கீழே. நிழல் 34 செ.மீ. மட்டும். 4 அடி ஜன்னலில் முக்கால் பங்கு வெயிலில் காயும். நாலு பக்கமும் ஒரே சன்ஷேடு வரைவது நம் தொழிலில் கைப்பழக்கமாகிவிட்டது, அதை முதலில் விட வேண்டும். மேற்கில் மாடிப்படி, குளியலறை, ஸ்டோர் என்று வையுங்கள். ஜன்னல் கட்டாயம் என்றால் நிற்கும் தடுப்பு, ஜாலி (துளைகள் விட்ட சுவர்) அல்லது மரம். வடக்கை மறந்துவிடுவார்கள்: ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் நான்காம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் இருக்கிறது. அங்கேயும் சின்ன சன்ஷேடு வேண்டும். இதைக் காட்ட ஒரு அட்டைப்பெட்டி வீடும் ஒரு டார்ச்சும் போதும், குழந்தைகளே செய்துவிடுவார்கள்.

காற்று. வீடுகளுக்கான மத்திய அரசின் ஆற்றல் விதித்தொகுப்பு, எக்கோ நிவாஸ் சம்ஹிதா 2018, ஈர வெப்பப் பகுதிகளுக்குத் தரைப் பரப்பில் 16.66 சதவீதம் திறக்கக்கூடிய பரப்பு வேண்டும் என்கிறது. 10க்கு 12 அறைக்கு 20 சதுர அடி. இப்போது எல்லோரும் கேட்கிற 4க்கு 4 ஸ்லைடிங் ஜன்னல் பாதிதான் திறக்கும், அதாவது 8 சதுர அடி. அதே அளவில் கதவு போலத் திறக்கும் ஜன்னல் 14 சதுர அடிக்கு மேல் தரும். சுவரையோ செங்கல்லையோ மாற்றாமல், ஜன்னல் வகையை மட்டும் மாற்றி அறையை மாற்றலாம். அதே தொகுப்பு சுவர், ஜன்னல் வழியாக வரும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என்றும், கூரையின் யூ மதிப்புக்கு, அதாவது கூரை எவ்வளவு வெப்பத்தை உள்ளே கடத்துகிறது என்ற அளவுக்கு, 1.2 என்றும் உச்சவரம்பு வைத்திருக்கிறது. வெறும் 5 அங்குலக் கான்கிரீட் தளம் இதில் தேறவே தேறாது. ஆக, கூரைக்கு மேல் ஏதாவது செய்தாக வேண்டும் என்பது அந்தத் தொகுப்பின்படியே தெரிகிறது.

சிமென்ட் குறைக்க ஃபில்லர் ஸ்லாப். தளத்தின் கீழ்ப்பாதியில் கான்கிரீட்டுக்கு வேலை குறைவு, கம்பிக்குத்தான் வேலை. அங்கே இரண்டு மங்களூர் ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைக்கிறோம். 1,000 சதுர அடி, 125 மி.மீ. தளம் என்றால் 11.6 கன மீட்டர் கான்கிரீட். ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் என்று வைத்தால் 2.3 கன மீட்டர், கன மீட்டருக்கு 320 கிலோ என்ற கணக்கில் 15 மூட்டை சிமென்ட். ஓடுகளை முந்தைய நாள் ஊறவைக்காவிட்டால் கான்கிரீட்டின் தண்ணீரை உறிஞ்சிவிடும். பீமை ஒட்டியும், வெளியே நீட்டும் பால்கனியிலும், குளியலறைத் தளத்திலும் ஓடு வேண்டாம். ஃபேன் கொக்கி எங்கே வருகிறது என்று பார்த்துத்தான் ஓட்டு வரிசையைப் பிரிக்க வேண்டும். கம்பி இடைவெளியை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்குப் போட்டுத் தராமல் தொடவே தொடாதீர்கள்.

சான்றிதழ் பற்றி. பசுமைக் கட்டடச் சான்று தரும் ஐ.ஜி.பி.சி.யில் வீடுகளுக்குத் தனி முறை இருக்கிறது, அதே போன்ற கிரிஹாவில் 2,500 சதுர மீட்டருக்குக் குறைவானவற்றுக்கு ஸ்வாகிரிஹா இருக்கிறது. வேலையைத் தவறவிடாமல் செய்ய அவற்றின் பட்டியல் நல்ல துணை. 1,200 சதுர அடி வீட்டுக்குக் கட்டணம் கட்டிப் பலகை வாங்குவதைவிட, அந்தப் பணத்தை மேற்குச் சுவர் நிழலுக்கும் கூரைக்கும் செலவழிக்கச் சொல்வேன். பள்ளி, மருத்துவமனை, அடுக்கு மாடி என்றால் வேறு பேச்சு. அங்கே பலர் கைமாறும், பதிவு வேண்டும்.

கட்டி முடித்து ஒரு வருடம் கழித்து ஒவ்வொரு வீட்டுக்கும் போய் வாருங்கள். மே மாதம் பிற்பகல் 3 மணிக்கும் இரவு 10 மணிக்கும் தளத்தின் அடிப்பக்க வெப்பம், இரு மாத மின்கட்டணம், எந்த ஜன்னல் திறக்கப்படுவதே இல்லை, எங்கே ஒழுகுகிறது. வீட்டுக்காரர் சம்மதத்தோடு, பெயர் இல்லாமல், ஒரு பக்கத் தாளாக மாட்டுங்கள். தாளின் மேலே அந்த வீட்டுக்குச் சதுர அடிக்கு எத்தனை கிலோ சிமென்ட், எத்தனை கிலோ கம்பி போனது என்று இருக்கட்டும். தவறியதும் அதே தாளில் இருந்தால்தான் மற்ற எண்களை நம்புவார்கள். உங்கள் அலுவலக மின்கட்டண ரசீதையும் பக்கத்திலேயே ஒட்டுங்கள்.

---

சுண்ணாம்புச்சாந்து

மேலே சொன்னதில் முதல் வரி, இடிக்காமல் காப்பது, அதைப் பற்றி யாரும் விரிவாகப் பேசுவதில்லை. ஸ்ரீரங்கம், உறையூர்ப் பக்கம் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இன்னும் நிற்கின்றன. தேக்குக் கட்டை, அதன்மேல் சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்பில் நிறுத்திய அடுக்கு, மேலே செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்பில் கலந்த சுருக்கி, தட்டோடு. ஒழுகுகிறது என்றதும் அதன்மேல் 2 அங்குலம் சிமென்ட் கான்கிரீட் போடுகிறார்கள். 2 அங்குலம் என்றால் சதுர மீட்டருக்கு 120 கிலோ கூடுதல் பாரம். கட்டை தாங்கினாலும், உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் கட்டை முனை சுவருக்குள்ளேயே அழுகும். முதலில் பார்க்க வேண்டியது அந்த முனையைத்தான்: திருப்புளியால் குத்திப் பாருங்கள், மாவாக இறங்கினால் கட்டை மாற்ற வேண்டும். முனை நன்றாக இருந்தால், பழைய தட்டோட்டை எடுத்து, வெடித்த சுருக்கியை மட்டும் கொத்தி, சுண்ணாம்பிலேயே மறுபடி போட்டு, தண்ணீர் வாட்டம் சரிசெய்தால் போதும்.

செய்முறைக்குச் சுண்ணாம்பு நல்லது, ஆனால் நீற்றுவதைக் குழந்தைகள் பக்கத்தில் வைக்காதீர்கள். தண்ணீரில்தான் கல்சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சுண்ணாம்பு மேல் தண்ணீர் ஊற்றினால் வெடித்துத் தெறிக்கும். கண்ணாடி, கையுறை கட்டாயம். தகரத் தொட்டி அல்லது செங்கல் தொட்டி, பிளாஸ்டிக் டிரம் இளகிவிடும். நீற்றியதை வலையில் வடிகட்டி, மேலே தண்ணீர் நிற்க மூடிவைத்து, குறைந்தது இரண்டு வாரம் கழித்துக் காட்டுங்கள். நீறாத பொடிக்கல் உள்ளே இருந்தால் பூச்சில் போனபின் நீறி, சின்னச் சின்னக் குழியாகத் தெறிக்கும். பூச்சுக்கு 1 சுண்ணாம்பு, 3 மணல், ஒரு கோட்டுக்கு 10 முதல் 12 மி.மீ. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைச் சேர்ப்பது நம் பக்கத்து வழக்கம்.

அவசரம்தான் இதற்கு எதிரி. சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை வாங்கித்தான் இறுகுகிறது. அதற்கு ஈரமும் வேண்டும், நாளும் வேண்டும். சித்திரை வெயிலில் பூசிவிட்டு ஈரச் சாக்கு போடாமல் விட்டால் இரண்டே நாளில் வெடிக்கும். மண் சுவர், சுண்ணாம்புச் சுவர் மேல் சிமென்ட் பூசினால் உப்பு பூத்துப் பாளம் பாளமாக விழும்.

---

உறையூர்_வரைபலகை

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி. இரண்டு துணைக் கேள்விகள். மண் பிளாக் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள், எங்கள் பகுதி மண் இடத்துக்கு இடம் மாறுகிறது, எப்படிச் சொல்வது? இன்னொன்று, இப்படித் திறந்த நாள் வைப்பது தொழில் விளம்பரம் ஆகிவிடுமா?

---

தெற்குச்சாளரம்

இரண்டாவதற்கு முதலில். ஆர்க்கிடெக்சர் கவுன்சிலின் 1989 ஆம் ஆண்டுத் தொழில் நடத்தை விதிகள், ஆர்க்கிடெக்ட் தன் சேவையை விளம்பரம் செய்வதைத் தடுக்கின்றன. அன்றைக்குக் கட்டணம் பேசாதீர்கள், சலுகை அறிவிக்காதீர்கள், வாடிக்கையாளர் படிவம் வைக்காதீர்கள். பொருள் விற்கும் கம்பெனியின் பேனரையும் உள்ளே விடாதீர்கள். விதி இருக்கட்டும், அந்தப் பேனர் வந்த நாளிலிருந்து நீங்கள் சொல்லும் அளவுகளை யாரும் அளவாகக் கேட்கமாட்டார்கள்.

மண்ணுக்குப் பாட்டில் சோதனை. நேரான கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி, சமதளத்தில் வையுங்கள். ஒரு நிமிடத்தில் பொடிக்கல்லும் மணலும் இறங்கும், இரண்டு மணி நேரத்தில் வண்டல், மறுநாளைக்குக் களி. ஸ்கேல் வைத்து அளந்து சதவீதம் போடுங்கள். இது தோராயம்தான், ஆனால் ஆகாத மண்ணைக் கழிக்க இது போதும். அழுத்திய மண் பிளாக்குக்கு ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட் சொல்லும் நல்ல மண்: பொடிக்கல் 15, மணல் 50, வண்டல் 15, களி 20 சதவீதம். சிமென்ட் சுமார் 5 சதவீதம் சேர்த்து அழுத்தி, 28 நாள் ஈரத்தில் வைக்க வேண்டும். களி அதிகமானால் மணல் கலக்க வேண்டும். கரிசல் மண் என்றால் விட்டுவிடுங்கள், ஈரத்துக்கு ஊதும், காய்ந்தால் சுருங்கும். மேல்மண் பயிருக்கானது, அதை எடுத்து வைத்துவிட்டு அடிமண்ணைத்தான் அழுத்த வேண்டும்.

---

தளமேடு

மண் பிளாக்கில் ஒரு மாற்றுக் கருத்து. மனையில் தோண்டிய மண் தேறினால் செய்யுங்கள். மண்ணை 60 கிலோமீட்டர் தூரத்திலிருந்து டிப்பரில் கொண்டுவந்து, மெஷினையும் வாடகைக்கு இழுத்து வந்து செய்தால், பக்கத்துச் சூளைச் செங்கல்லில் எலிப்பொறி கட்டுவதைவிட அது எந்த வகையில் மேல் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபின்தான் சொல்ல வேண்டும். பொருளின் பெயரைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

இன்னொன்று. இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் பி.பி.சி. சிமென்ட். சாம்பல் கலந்தது, கிளிங்கர் (சூளையில் சுட்டெடுக்கும் சிமென்ட் மூலப்பொருள்) குறைவு, நல்லதுதான். ஆனால் அது மெதுவாக வலுக்கும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்பு சிமென்ட்டுக்கு 10 நாள் தண்ணீர் கட்டச் சொல்கிறது, 14 நாள் பரிந்துரை. பழைய பழக்கத்தில் ஏழாம் நாள் நிறுத்திவிட்டு, "பி.பி.சி. சரியில்லை" என்று பழி போடுகிறார்கள். கொத்தனார்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

---

வடிகுழி

செப்டம்பர் மாத ஞாயிற்றை மழைநீருக்கு ஒதுக்குங்கள், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். அன்றைக்கு அலுவலகத்தில் உட்கார வேண்டாம், தெருவில் இறங்கி வீடு வீடாகப் பாருங்கள். 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. பைப் நிறைய வீடுகளில் இருக்கும். அது எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

மாடியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். மழைநீர்க் குழியில் வருகிறதா, எத்தனை நிமிடத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். வரவில்லை என்றால் சருகு அடைப்பு, இல்லையென்றால் பைப் மண்ணுக்குள் முட்டி நிற்கிறது. வந்தும் இறங்கவில்லை என்றால் குழியின் மேல் மணல் அடைத்திருக்கிறது. மேலே உள்ள 15 செ.மீ. மணலை அள்ளிக் கழுவிப் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்குப் பிறகும் நின்றால் கீழே களி. அங்கே குழி மட்டும் போதாது, குழிக்குள் துளை போட்டுக் கீழுள்ள மணல் அடுக்குவரை இறக்க வேண்டும்.

மழை 800 மி.மீ. என்று குறைத்தே எடுத்தாலும் 100 சதுர மீட்டர் மாடியில் வருடத்துக்கு 80,000 லிட்டர் விழுகிறது. ஆவி, சிதறல் கழித்து 64,000 லிட்டர் என்று வைக்கலாம். தொட்டியில் சேமிப்பவர்கள் முதல் 2 மி.மீ. மழையை, அதாவது 200 லிட்டரை, வெளியே விட வேண்டும். வெப்பத்துக்காக மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தவர்கள் இன்னும் கூடுதலாக விட வேண்டும், தண்ணீரில் காரம் ஏறும். குழியைக் கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் அஸ்திவாரத்திலிருந்தும் தள்ளி வையுங்கள்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்னச் சீட்டு: என்ன பழுது, எவ்வளவு மணல், யார் செய்ய முடியும். அன்றைக்கே இரண்டு வீட்டில் மணலைக் கழுவிக் காட்டிவிட்டால் மற்றவர்கள் தாங்களே செய்துகொள்வார்கள். மணல் கழுவ ஒரு சல்லடை, இரண்டு பாண்டு, ஒரு மண்வெட்டி போதும்.

---

உறையூர்_வரைபலகை

முதல் மாதம் எலிப்பொறிச் சுவரும் நல வாரிய மேசையும். இரண்டாம் மாதம் நிழல் பெட்டியும் ஜன்னல் கணக்கும். சுண்ணாம்பை அன்றே நீற்றிவைத்து, மூன்றாம் மாதம் அந்தச் சுவரிலேயே ஒரு பாதிக்குப் பூசுகிறோம். செப்டம்பரில் தெரு. ஒரு வருடம் ஆன வீடுகளின் தாள்களை இந்த வாரமே தொடங்குகிறோம். சாம்பிள் சுவரை ஒவ்வொரு முறையும் இடித்துவிடவா?

---

தளமேடு

முதல் சுவரை இடிக்காதீர்கள். மேல் வரியைக் கெட்டியாகக் கட்டி, பூசாத பாதியை ஒரு மழைக்காலம் வெளியில் நிற்க விடுங்கள். ஒரு பக்க முனையை மட்டும் மூடாமல் திறந்து வையுங்கள், பொந்து சுத்தமாக இருக்கிறதா, சாந்து விழுந்திருக்கிறதா என்று வருகிற கொத்தனார் டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளலாம். அதை அவர்களே பார்த்துவிட்டால் பலகை வைக்கச் சொல்லிக் கத்த வேண்டியதில்லை. அடுத்தடுத்த சுவர்களை 1:6 சிமென்ட்டுக்குப் பதில் சுண்ணாம்புச் சாந்தில் கட்டுங்கள். மறுநாள் பிரித்தாலும் கல் முழுசாக வரும், அதே 80 கல்லை வருடம் முழுக்க வைத்துக்கொள்ளலாம்.